காரணவர் கைச் சாவி

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை: 19

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பழைய கடைகள் சிலவற்றுக்கு இன்னும் நிரைப்பலகைதான் கதவு. பலகை ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். ராத்திரி ஒன்றாம் எண்ணில் தொடங்கி வரிசையாகச் சொருகிக்கொண்டே வந்து, கடைசிப் பலகைக்கு மேல் இரும்புப் பட்டையைச் சாய்த்துப் பூட்டுப் போடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு சாவியைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். விரல் பட்டுப் பட்டு அதன் வளையம் ஒரு பக்கம் கம்பிபோல மெலிந்திருந்தது. அது யார் மடியில் இருக்கிறதோ அவர்தான் முதலாளி.

2021 ஜூன் மாதம். ஊரடங்கு மெல்லத் தளர்ந்து, கடைகள் பாதிப் பலகை மட்டும் திறந்திருந்த நாட்கள். எனக்குப் பழக்கமான ஒரு மளிகைக் கடையில் சாவி கை மாறியிருந்தது. எழுபதைத் தாண்டிய அண்ணாச்சிக்கு ஆண்பிள்ளை இல்லை. மகளைக் கட்டியவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி மல்லி மூட்டை மேல் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். புது மந்திரிசபை பற்றிய செய்தி.

“என்ன வே, எல்லாரும் மருமவன் மருமவன்னு கெடந்து கத்துதான்? நம்ம சீமையில என்னைக்குமே மருமவனுக்குத்தானே பட்டம்!”

அண்ணாச்சியின் பூர்வீகம் தோவாளைப் பக்கம். அவர் மனதில் இருந்த மருமகன் வேறு, பேப்பரில் இருந்த மருமகன் வேறு. உடன்பிறந்தாள் பெற்ற பிள்ளையும் மருமகன், மகளைக் கட்டியவனும் மருமகன். தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு உறவுக்கும் அந்த ஒரே சொல். இருந்தாலும் அவர் பேச்சு என்னை விடவில்லை. அன்றிலிருந்து மனதில் கிடந்ததைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

அந்த ஆண்டுத் தேர்தலில் இடது முன்னணி 140 தொகுதிகளில் 99-ஐப் பிடித்தது. ஐந்தாண்டு ஆண்ட முன்னணியைக் கேரள மக்கள் மறுபடியும் உட்கார வைத்தது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான். மே 20-ஆம் தேதி தலைமைச் செயலகத்தை ஒட்டிய சென்ட்ரல் ஸ்டேடியத்தில் பினராயி விஜயன் இரண்டாம் முறை முதல்வராகப் பதவியேற்றார். பழைய மந்திரிசபையிலிருந்த மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களில் திரும்பி வந்தவர் அவர் ஒருவரே. மட்டன்னூரில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் வென்று சாதனை படைத்த சுகாதார மந்திரி கே.கே. சைலஜாவுக்கும் இடமில்லை. புதியவர்களுக்கு வழிவிட வேண்டும் என்பது கட்சி சொன்ன காரணம். அந்தப் புதியவர்களில் பொதுப்பணியும் சுற்றுலாவும் பெற்றவர் பி.ஏ. முகமது ரியாஸ். பதினோரு மாதம் முன்பு, 2020 ஜூன் 15 அன்று, முதல்வரின் மகளை, முதல்வரின் அரசு இல்லமான கிளிஃப் ஹவுஸில் திருமணம் செய்துகொண்டவர். உயர்கல்வித் துறை ஆர். பிந்துவுக்கு. கட்சியின் மாநிலச் செயலாளர் பொறுப்பை அப்போது கவனித்துவந்த ஏ. விஜயராகவனின் மனைவி அவர்.

இவர்கள் தகுதியில்லாதவர்கள் என்று எழுதினால் அது பொய். பிந்து திருச்சூர் மேயராக இருந்தவர். ரியாஸ் மாணவர் சங்கம், வாலிபர் சங்கம் என்று படிப்படியாக வந்து அகில இந்தியத் தலைவர் வரை போனவர். 2009-இல் கோழிக்கோட்டில் நாடாளுமன்றத்துக்கு நின்று 838 வாக்கில் தோற்றார். மருமகனாவதற்குப் பல ஆண்டு முன்பே கட்சி அவரை நம்பியிருக்கிறது. பேப்பூர் மக்கள் வாக்களித்துத்தான் சட்டமன்றத்துக்கு வந்தார். எனக்கு உறுத்துவது அதற்கு அடுத்த படியில். இருபத்தோரு பேர் உட்காரும் மேசையில் யாருக்கு நாற்காலி என்று தீர்மானிக்கும் இடத்தில் ஒருவருக்கு மாமனாரே தலைவராக இருந்தார்; மக்கள் அள்ளி அள்ளி வாக்குப் போட்ட ஒரு பெண் அங்கிருந்து எழுந்து போனார். இந்த இரண்டும் ஒரே நாளில் நடந்தது.

அண்ணாச்சியின் பட்டத்துக்கு வருகிறேன். சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பத்மநாபசுவாமி கோயில். அந்தச் சாமிக்குத்தான் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா 1750-இல் நாட்டையே எழுதிக்கொடுத்துவிட்டுத் தன்னைப் பத்மநாபதாசன் என்று சொல்லிக்கொண்டார். அவர் 1729-இல் பட்டத்துக்கு வந்தது மருமகன் முறையில். முந்தைய ராஜாவின் சொந்தப் பிள்ளைகளான தம்பிமார் இருவர், அப்பன் ஆண்ட நாடு எங்களுக்கே என்று எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்களோடு சேர்ந்து நின்று உயிரை விட்டார்கள். வலிய தம்பி, குஞ்சுத் தம்பி என்று தெற்கே தமிழில் அவர்களுக்குக் கதைப்பாடலே உண்டு. ராஜாவுக்குப் பிள்ளை மேல் பாசம் இருக்கும், ஆனால் நாட்டுக்கு வாரிசு உடன்பிறந்தாள் பிள்ளை. இந்த இழுபறி அரண்மனையோடு நிற்கவில்லை. இங்குள்ள நாயர் வீடுகளிலும், நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளிலும் தினப்படிச் சண்டையாக இருந்தது.

மருமக்கள் வழியில் குடும்பச் சொத்து யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. நிலம், வீடு, நெல் எல்லாம் தறவாட்டுக்கு, அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்துக்கு, பொது. மூத்த தாய்மாமன் காரணவர். அவர் சொத்துக்கு உடைமைக்காரர் ஆகமாட்டார், சாவி மட்டும் அவரிடம். அறையைத் திறப்பதும் நெல் அளப்பதும் குத்தகை வாங்குவதும் அவர். மற்றவர்கள் எல்லாம் அனந்தரவர்கள். காரணவருக்கோ வேறொரு வீட்டில் மனைவியும் மக்களும் உண்டு. பகலில் பொதுச் சொத்துக்குக் காவல், ராத்திரி சாப்பிடுவது சொந்தப் பிள்ளைகளோடு. நெல் மூட்டை ஒன்று அந்தப் பக்கம் நகரும், ஒரு துண்டு நிலம் நகரும். அனந்தரவர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள். நாஞ்சில் நாட்டில் கணவன் செத்த பிறகு மனைவி மக்கள் கேட்டுப் பெறும் பங்குக்கு உகந்துடைமை என்று பெயர், அதற்கும் வழக்கு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அப்படி ஒரு காரணவரின் மனைவி வாயாலேயே அந்தத் துயரத்தைச் சொல்லவைத்தார். நாயர் சட்டம் 1925-இலும், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926-இலும் வந்து சாவியைக் காரணவர் கையிலிருந்து எடுத்தன. மிச்சம் மீதி கூட்டுக் குடும்ப முறைக்குக் கேரளம் முழுக்க முற்றுப்புள்ளி வைத்த சட்டம் 1976 டிசம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தபோது முதல்வராக இருந்தவர் சி. அச்சுத மேனன், ஒரு கம்யூனிஸ்ட்.

நல்ல காரணவர்களும் நிறைய இருந்தார்கள். பட்டினி கிடந்து அனந்தரவனைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. ஆனாலும் சட்டம் எல்லோருக்கும் சேர்த்துத்தான் வந்தது. ஏனென்றால் நம்பிக்கையை மட்டும் வைத்துப் பொதுச் சொத்தைக் காக்க முடியாது என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

கம்யூனிஸ்ட் கட்சியும் அப்படியொரு தறவாடுதான். ஈ.எம்.எஸ். தன் பங்குச் சொத்தை அதற்குக் கொடுத்தார். எத்தனையோ பேர் படிப்பையும் வேலையையும் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள். கட்சி ஆபீஸ், பத்திரிகை, ஆட்சி எதுவும் ஒரு ஆளுக்குச் சொந்தமில்லை. செயலாளருக்கும் முதல்வருக்கும் சாவி மட்டுமே. மார்க்சும் எங்கெல்சும் 1848 அறிக்கையில் கேட்ட பத்து நடவடிக்கைகளில் மூன்றாவது, வாரிசுரிமை ஒழிய வேண்டும் என்பது. அவர்கள் நினைத்தது சொத்தை. சொத்து ஒழிந்த இடத்தில் சாவி எப்படிக் கை மாறும் என்பதைப் பிற்பாடு வந்த நாடுகள் காட்டின.

வடகொரியாவில் கிம் இல் சுங் 1994 ஜூலையில் இறந்தார், மகன் வந்தார். மகன் 2011 டிசம்பரில் இறந்தார், பேரன் வந்தார். ஸ்டாலின் இறந்து மூன்றே ஆண்டில், 1956-இல், குருசேவ் அவரைக் கிழித்துப் போட்டதைப் பார்த்த கிம், பெற்ற பிள்ளை மட்டும்தான் தன் பெயரைக் காப்பாற்றும் என்று முடிவுசெய்தார் என்பது பலர் சொல்லும் விளக்கம். கியூபாவில் பிடல் காஸ்ட்ரோ 2006-இல் படுக்கையில் விழுந்ததும் தம்பி ராவுலிடம் பொறுப்பைக் கொடுத்தார். ராவுல் 1953 மொன்கடா தாக்குதலிலிருந்தே அண்ணனோடு துப்பாக்கி தூக்கியவர். அவரும் 2018-இல் குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடம் ஜனாதிபதி பதவியை ஒப்படைத்தார். லாவோசில் 2022 கடைசியில் பிரதமரான சோன்சாய், முன்னாள் ஜனாதிபதி காம்தாய் சிபன்டோனின் மகன். கேரளத்தை இவற்றோடு ஒரே தட்டில் வைப்பது அநியாயம். இங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வரும், சாவியைப் பிடுங்கும் உரிமை மக்களிடம் இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகர், இதற்குப் போய் இவ்வளவா என்று கேட்கலாம். தகப்பன், பிள்ளை, பேரன் என்று பார்த்துப் பழகியவர்கள் நாம். காங்கிரசிலும் அது புதிதல்ல. ஆனால் நான் இந்தத் தெருவில் வளர்ந்தவன். இங்கே கட்சிக்காரர்களிடம் நாங்கள் எதிர்பார்த்தது கூடுதல், ஏனென்றால் அவர்கள் சொன்னதும் கூடுதல்.

அவர்களுக்குள்ளேயே அதற்கு முன்மாதிரி இருந்தது. 1957 ஏப்ரலில் ஈ.எம்.எஸ். மந்திரிசபையில் கே.ஆர். கௌரி வருவாய்த் துறை, டி.வி. தாமஸ் தொழிலாளர் துறை. இருவரும் மந்திரிகளான பிறகு, அதே ஆண்டில், திருமணம் செய்துகொண்டார்கள். 1964-இல் கட்சி உடைந்தது. கௌரியம்மா மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனார், தாமஸ் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியில் நின்றார். 1967-இல் இரண்டு கட்சியின் மந்திரிகளாக மறுபடியும் ஒரே மந்திரிசபையில் உட்கார்ந்தார்கள், ஆனால் அந்தத் தாம்பத்தியம் தேறவில்லை. குடும்பத்தைக் கட்சி தின்ற காலம் அது. அதையும் நான் நல்லது என்று சொல்லமாட்டேன். அந்த அம்மாள் பட்ட வேதனை சாதாரணமல்ல. 1987 தேர்தலில் அவர்தான் முதல்வர் என்ற பேச்சில் வாக்குக் கேட்டார்கள், வந்தது நாயனார். 1994-இல் கட்சியை விட்டே விலக்கப்பட்டார். நூற்றொரு வயதில், 2021 மே 11 அன்று, இதே திருவனந்தபுரத்தில் கண்மூடினார். அடுத்த ஒன்பதாம் நாள்தான் நான் மேலே சொன்ன பதவியேற்பு.

மருமகனுக்கும் முன்னுதாரணம் உண்டு. ஏ.கே. கோபாலன் 1957, 1962, 1967 என்று மூன்று முறை வென்ற காசர்கோட்டில், அவர் மகளைக் கட்டிய பி. கருணாகரன் 2004, 2009, 2014 என்று மூன்று முறை வென்றார். ஆனால் ஏ.கே.ஜி. இறந்தது 1977-இல். கருணாகரனுக்குச் சீட்டுக் கொடுத்த கூட்டத்தில் மாமனார் உட்கார்ந்திருக்கவில்லை. 2021-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். உறவுக்காரர் கட்சியில் இருப்பது குற்றமில்லை. அவர் பெயர் வரும்போது உறவுக்காரர் எழுந்து வெளியே போக வேண்டும். சாலையில் ஒரு சீட்டு நடத்துகிறவர்கூடத் தன் வீட்டாள் ஏலம் கேட்கும் மாதம் சீட்டுப் புத்தகத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிடுவார். நான் பார்த்திருக்கிறேன்.

அன்று அண்ணாச்சியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கட்சிக்காரர்கள் பக்கெட் பிரிவுக்கு, அதாவது வாளி ஏந்தி நன்கொடை பிரிக்க, வந்துவிட்டார்கள். சிவப்புக் காகிதம் ஒட்டிய பிளாஸ்டிக் வாளி. பிடித்திருந்தவர் அந்தத் தெருச் சுமட்டுத் தொழிலாளி, காலையில் இதே கடைக்கு மூட்டை இறக்கியவர். நீலச் சட்டையின் தோளில் அரிசி மாவு அப்படியே இருந்தது. பக்கெட் பிரிவுக்கு ரசீது கிடையாது. மருமகன் கல்லாவைத் திறந்து ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்துவிட்டு, போடலாமா என்று அண்ணாச்சியைப் பார்த்தார்.

“என்னைய என்னத்துக்குப் பாக்கே? கல்லா உன்னுது. அந்த வாளிதான் யாருக்குமே சொந்தமில்ல, பாத்துப் போடு,” என்றார் அண்ணாச்சி.

தாள் உள்ளே விழுந்தது. தொழிலாளி வாளியை லேசாக உலுக்கி, சில்லறைக்கு அடியில் போகும்படி தாளை விரலால் அமுக்கிவிட்டு அடுத்த கடைக்கு நடந்தார்.