துப்பாக்கி வந்த வழி

2015 டிசம்பர் முதல் வாரம். அடையாறு கரை தெரியாமல் பெருகி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் விழுங்கியிருந்தது. மேற்குத் தாம்பரம் பக்கம் வந்து நின்ற ராணுவ லாரிகளிலிருந்து படகுகள் இறங்கின. பச்சைச் சீருடையைப் பார்த்ததும் மொட்டை மாடிகளில் இரண்டு நாளாக நின்றிருந்தவர்களுக்கு உயிர் வந்தது. அந்த வீரர்கள் தாமாக வரவில்லை. மாநில அரசு கேட்டது, வந்தார்கள். வேலை முடிந்ததும் போனார்கள்.

வெள்ளத்துக்கே இப்படியென்றால், கூட்டத்தைக் கலைக்க ராணுவத்தைக் கூப்பிடுவது இன்னும் கடினம். பொதுவாக மாவட்ட ஆட்சியரோ, அவர் அதிகாரம் கொடுத்த நிர்வாக நடுவரோ அந்த இடத்தில் இருந்து சொல்ல வேண்டும். வேறு எந்த வழியிலும் கூட்டத்தைக் கலைக்க முடியாது என்ற நிலை வந்திருக்க வேண்டும். வருகிற ராணுவ அதிகாரி, கூட்டத்தைக் கலைக்கத் தேவையான அளவுக்கு மேல் பலத்தைக் காட்டக் கூடாது. ஆளுக்கும் சொத்துக்கும் முடிந்தவரை குறைந்த சேதமே விளைய வேண்டும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 130ஆம் பிரிவு சிறு வேறுபாட்டோடு இதைத்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதே விஷயம் 149ஆம் பிரிவாக இருக்கிறது.

அதற்கு முந்தைய 148ஆம் பிரிவு போலீசுக்கானது. அங்கே சப்-இன்ஸ்பெக்டர் தகுதியில் ஒருவர் இருந்தால் போதும், கலைந்து போகச் சொல்லலாம். கலையாவிட்டால் பலத்தைப் பயன்படுத்தலாம். ‘குறைந்த பலம்’ என்ற எச்சரிக்கை அந்தப் பிரிவில் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது பக்கத்தைத் தவறாகப் புரட்டிவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகமே வந்தது. சட்டத்தின் வாசகம் ராணுவத்தின் கையைத்தான் கட்டுகிறது. போலீசின் கையைக் கட்டும் வேலையைக் காவல் நிலையாணைகள் என்ற துறையின் உள் ஆணைகளுக்கு விட்டுவிட்டது.

இந்தப் பிரிவுகளை முதலில் எழுதிய வெள்ளைக்காரர் காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. ராணுவத்தின் துப்பாக்கியும் போலீசின் துப்பாக்கியும் அன்று வேறு வேறு. போலீஸ்காரர்கள் இன்றும் ‘மஸ்கட்’ என்று சொல்லும் .410 அப்படிப் பிறந்ததுதான். இஷாப்பூர் தொழிற்சாலையில் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு ரைபிளை எடுத்து, குழலின் உள்வரிகளை நீக்கி வழவழப்பாக்கினார்கள். தோட்டா அடுக்கும் இடத்தில் மரக்கட்டையைச் செருகி அடைத்தார்கள். ஒரு முறைக்கு ஒரு தோட்டா. சுட்டால் மறுபடி நிரப்ப வேண்டும். மக்கள் மீதான கருணையால் செய்த காரியமல்ல இது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியை மறக்காத வெள்ளைக்காரனுக்கு, நாளைக்கே இந்தப் போலீஸ்காரன் நம் பக்கம் திரும்பினால் என்னாவது என்ற பயம். பயத்தில் செருகிய மரக்கட்டைதான், ஆயுதத்தின் அளவுக்கு வரம்பு வைத்த விதியாகவும் இருந்தது.

அந்தக் கட்டையை எடுத்தது யார்? சட்டமன்றமோ நாடாளுமன்றமோ விவாதித்து எடுக்கவில்லை. ராணுவம் 1990களில் இன்சாஸ் துப்பாக்கிக்கு மாறத் தொடங்கியது. அதுவரை அதன் தோளில் கிடந்த எஸ்.எல்.ஆர். எனும் 7.62 மி.மீ. ரைபிள் காவல் படைகளின் ஆயுதக் கிடங்குகளில் நிலைகொண்டது. ஒரு மேகசினில் 20 தோட்டா. விசையை அழுத்த அழுத்தச் சுடும். போர்க்களத்தில் முன்னூறு மீட்டருக்கு அப்பாலுள்ள எதிரிக்காகச் செய்யப்பட்டது. அந்தத் தோட்டா ஓர் உடலைத் துளைத்த பிறகும் நிற்காமல் பின்னால் இருப்பவரைத் தேடிப் போகும். 1969-70இல் தொடங்கிய காவல்துறை நவீனமயமாக்கல் திட்டம் ஆயுதங்களுக்கும் பணம் தருகிறது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை ஏ.கே. வகையிலான ‘திருச்சி அசால்ட் ரைபிளை’ மத்தியப் படைகளுக்கும் மாநிலப் போலீசுக்கும் செய்து தருகிறது.

ஜி.எஸ்.டி. சாலையில் பரங்கிமலையில் பஸ் ஏறி வண்டலூருக்குப் போனால் ராணுவமும் போலீசும் எவ்வளவு நெருக்கமாகக் குடியிருக்கின்றன என்பது தெரியும். ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி, பல்லாவரம் கண்டோன்மென்ட், தாம்பரம் விமானப் படைத் தளம். வண்டலூர் தாண்டி ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவல் அகாடமி. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் நெடுங்குன்றத்தில் வந்த என்.எஸ்.ஜி. கமாண்டோ மையம். 2022 ஜனவரி 1 முதல் இந்தப் பகுதிக்கெனத் தனி போலீஸ் கமிஷனரகமே தாம்பரத்தில் இருக்கிறது. பயங்கரவாதியை எதிர்கொள்ள கமாண்டோவிடம் தானியங்கி ஆயுதம் இருப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை; மும்பையில் .303 ரைபிளோடு நின்ற போலீஸ்காரர்களை நாடே பார்த்தது. ஆனால் அந்த நியாயம் கமாண்டோவோடு நிற்பதில்லை. மனு கொடுக்க ஊர்வலமாக வருகிறவர்கள் முன்னாலும் போர்க்கள ரைபிள் வந்து நிற்கிறது.

அப்படி நின்ற நாள் 2018 மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த கூட்டத்தின்மீதும் அதைத் தொடர்ந்தும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். சாதாரண உடையில் போலீஸ் வேன்மேல் ஏறிக் குறிபார்த்தவரின் படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சுட உத்தரவிட்டவர்களாக முதல் தகவல் அறிக்கைகள் காட்டியது துணை வட்டாட்சியர்களை. முன்னாள் நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. முறையான எச்சரிக்கை இல்லை, கலைந்து ஓடியவர்களையும் சுட்டிருக்கிறார்கள், ஒரே காவலர் வெவ்வேறு இடங்களில் 17 ரவுண்டு சுட்டிருக்கிறார் என்றது ஆணையம்.

இந்தப் பதினேழில்தான் என் மனம் நிற்கிறது. மரக்கட்டை செருகிய மஸ்கட்டில் பதினேழு முறை சுட வேண்டுமானால் பதினேழு முறை தோட்டா நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் கை கீழே இறங்கும். கண் கூட்டத்தைப் பார்க்கும். மேலதிகாரி ‘நிறுத்து’ என்று கத்துவதற்கு நேரம் கிடைக்கும். எச்சரித்த பிறகே சுட வேண்டும், தாழச் சுட வேண்டும், கூட்டம் கலைந்ததும் நிறுத்த வேண்டும் என்கிற நெறிகளெல்லாம் அந்த இடைவெளியை நம்பி எழுதப்பட்டவை போலத் தோன்றுகின்றன.

சரி, ஆயுதச் சட்டமாவது தடுக்குமா? விசையை விடும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் துப்பாக்கியை 1959ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்கிறது. நீங்களோ நானோ வைத்திருந்தால் சிறைதான். ஆனால் அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு, கடமையில் இருக்கும் அரசு ஊழியருக்கு இச்சட்டம் பொருந்தாது என்று முடித்துவிடுகிறது. எந்த ஆயுதம் எந்தப் பணிக்கு என்று எந்தச் சட்டமும் பிரித்துச் சொல்லவில்லை.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை உண்டு. ராணுவத்தின் உபரித் தளவாடங்களைப் போலீசுக்குக் கொடுக்கும் ‘1033’ திட்டத்தை, 2014இல் ஃபெர்குசன் நகரத் தெருக்களில் கவச வண்டிகளைப் பார்த்த பிறகுதான் பலரும் கவனித்தார்கள். ஒபாமா 2015இல் கட்டுப்பாடு போட்டார்; டிரம்ப் 2017இல் எடுத்தார்; பைடன் 2022இல் மீண்டும் போட்டார். நாற்காலி மாறும்போதெல்லாம் மாறுகிற விதி. அதைவிட கலிஃபோர்னியா 2021இல் செய்தது உருப்படியான காரியம். ராணுவ வகைக் கருவி எதையும் வாங்குவதற்கு முன் போலீஸ் பட்டியலை வெளியிட்டு, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். நம் சட்டமன்றத்தில் காவல் துறை மானியக் கோரிக்கை வரும்போது இப்படி ஒரு பட்டியலை யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்.

நம் ஊரிலும் இந்த ரைபிள்களுக்கு முன்னறிவிப்பு தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது: பயிற்சித் தளம். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே 2021 டிசம்பர் 30 அன்று நடந்த பயிற்சியின்போது, தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் தோட்டா பாய்ந்தது. நான்கு நாள் கழித்து அவன் இறந்தான். அதன் பிறகு அந்தத் தளத்தில் பயிற்சியை நிறுத்தினார்கள். தாம்பரத்துக்குத் தெற்கே, சிங்கப்பெருமாள் கோவில் பக்கமுள்ள அனுமந்தபுரத்தில் படைகள் சுட்டுப் பழகும் நாட்களுக்கு மாவட்ட நிர்வாகம் அறிவிப்பு விடும். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை சுடுவார்கள், யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று. சுற்று வட்டாரத்தில் ஆடு மாடு வைத்திருப்பவர்கள் அன்று அவற்றை வேறு பக்கம் ஓட்டிப் போகிறார்கள்.