வானொலி வழிகாட்டு நிலையங்களின் கைமாற்றம்

வானொலி வழிகாட்டு நிலையங்களின் கைமாற்றம் என்பது, கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் இருப்பிடம் அறிய உதவும் வானொலி நிலையங்களை, அவற்றை நடத்திவந்த அயல்நாட்டு அரசு, அவை அமைந்துள்ள நாட்டின் அரசிடம் ஒப்படைப்பதைக் குறிக்கும். அமெரிக்கா வெளிநாடுகளில் நடத்திவந்த லோரான்-சி நிலையங்களிலிருந்து 1990களின் முற்பகுதியில் விலகியது இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. இந்தியாவில் இதற்கு நெருக்கமான நிகழ்வு, மினிக்காய் கலங்கரை விளக்கம் 1956இல் பிரிட்டனிடமிருந்து இந்திய அரசின் பொறுப்புக்கு வந்ததாகும். நிலம் ஒரு நாட்டுக்குச் சொந்தமாவதும், அந்த நிலத்திலிருந்து புறப்படும் வழிகாட்டுதல் அந்நாட்டின் கைக்கு வருவதும் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

லோரான் செயற்படும் முறை

விருதுநகரிலும் சிவகாசியிலும் ஒரே வினாடியில் இரண்டு பெரிய வெடிகள் வெடிப்பதாகக் கொள்வோம். இடையில் ஆமத்தூர்ப் பக்கம் நிற்பவருக்கு, அருகில் உள்ள வெடியின் ஓசை முதலில் கேட்கும். ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். விருதுநகர் வெடி 6 வினாடி முந்திக் கேட்டால், அவர் சிவகாசியைவிட விருதுநகருக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் அருகில் இருக்கிறார். வெடித்த நேரம் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றாக வெடித்தன என்று தெரிந்தால் போதும்.

இதே 6 வினாடி வேறுபாடு கேட்கும் இடங்களையெல்லாம் வரைபடத்தில் இணைத்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். கணிதத்தில் இது அதிபரவளைவு எனப்படும். மூன்றாவது ஊரிலும் அதே வினாடியில் ஒரு வெடி வெடித்தால் இன்னொரு வளைகோடு கிடைக்கும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே அவர் நிற்கும் இடம்.

லோரானில் வெடிக்குப் பதில் வானொலித் துடிப்புகள் பயன்படுகின்றன. ஒரு முதன்மை நிலையமும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துணை நிலையங்களும் சேர்ந்து ஒரு சங்கிலி ஆகும். துணை நிலையங்கள் முதன்மை நிலையத்துக்குப் பின், முன்பே வகுத்த இடைவெளியில் துடிப்பை அனுப்பும். கப்பலில் உள்ள கருவி அந்த இடைவெளியைக் கழித்துவிட்டு நேர வேறுபாட்டைக் கணக்கிடும். லோரான்-சி 100 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கியது. இந்தத் தாழ்ந்த அதிர்வெண் அலை பூமியின் வளைவை ஒட்டி, கடல்மேல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலும் செல்லும்.

வானொலி அலை ஒரு மைக்ரோ வினாடியில் ஏறத்தாழ 300 மீட்டர் செல்வதால், நிலையத்தின் கடிகாரம் சிறிது பிசகினாலும் கப்பலின் கணக்கு தவறிவிடும். எனவே ஒவ்வொரு நிலையத்திலும் சீசியம் அணுக் கடிகாரங்கள் வைக்கப்பட்டன.

அயல்நாட்டு மண்ணில் நிலையங்கள்

ஒரு சங்கிலியின் நிலையங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில், கடலைச் சூழ்ந்து நிற்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் ஒரே நாட்டின் நிலம் போதாது. பனிப்போர்க் காலத்தில் தன் கடற்படையின் தேவைக்காக அமெரிக்கா நட்பு நாடுகளில் இடம் பெற்று நிலையங்களை அமைத்தது. மத்தியதரைக் கடல் சங்கிலி இத்தாலி, துருக்கி, ஸ்பெயின் ஆகிய நாடுகளிலும், நார்வே கடல் சங்கிலி நார்வே, ஐஸ்லாந்து, டென்மார்க்கின் பரோ தீவுகள், ஜெர்மனி ஆகிய இடங்களிலும் பரவியிருந்தன.

இடம் கொடுத்த நாட்டுக்கு இதில் ஆபத்தும் இருந்தது. 1986 ஏப்ரலில் அமெரிக்கா லிபியாவைத் தாக்கியபோது, லிபியா பதிலடியாக இத்தாலியின் லாம்பெதூசா தீவில் இருந்த அமெரிக்க லோரான் நிலையத்தைக் குறிவைத்து ஏவுகணைகளை ஏவியது. அவை கடலில் விழுந்தன.

இவோ ஜிமா தீவின் வரலாறும் குறிப்பிடத்தக்கது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவிடம் இருந்த இத்தீவு 1968இல் ஜப்பானுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் அங்கிருந்த லோரான் நிலையத்தை 1993 வரை அமெரிக்கக் கடலோரக் காவல்படையே நடத்தியது. நிலம் வந்து 25 ஆண்டுகள் கழித்தே நிலையம் வந்தது.

அமெரிக்கா விலகியது

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் வந்தபின், 1994 டிசம்பர் 31க்குப் பிறகு வெளிநாட்டு லோரான்-சி தனக்குத் தேவையில்லை என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை முடிவு செய்தது. ஆனால் அதற்குள் வணிகக் கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் அதை நம்பத் தொடங்கியிருந்தன.

ஜப்பான் தன் மண்ணில் இருந்த நிலையங்களை ஏற்று, முதன்மை நிலையத்தை நீஜிமா தீவுக்கு மாற்றியது. ஐரோப்பாவில் நார்வே, டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, அயர்லாந்து ஆகிய 6 நாடுகள் 1992இல் ஓர் உடன்பாடு செய்து, செலவைப் பகிர்ந்து புதிய சங்கிலிகளை உருவாக்கின. அயர்லாந்தில் திட்டமிட்ட நிலையம் உள்ளூர் எதிர்ப்பால் கட்டப்படவே இல்லை. ஐஸ்லாந்து நிலையம் மூடப்பட்டது.

கைமாறுபவை

இத்தகைய ஒப்படைப்பில் கட்டடச் சாவியோடு வேறு பலவும் மாறுகின்றன.

1. உயர்ந்த கோபுரமும், அதைத் துருப்பிடிக்காமல் காக்கும் செலவும்.
2. ஒலிபரப்பிகளும் உதிரி பாகங்களும். தயாரிப்பாளர் வேறு நாட்டில் இருந்தால், பழுதானபோது அந்நாட்டை எதிர்பார்த்தே நிற்க வேண்டும்.
3. நேரக் கட்டுப்பாடு. எந்தக் கடிகாரத்தைச் சங்கிலி முழுவதும் பின்பற்ற வேண்டும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் இது.
4. பயிற்சி பெற்ற ஆட்கள். பழைய பணியாளர் கிளம்பும் முன் புதியவர் கற்றுத் தேற வேண்டும்.
5. கடலோடிகளுக்கு முன்னறிவிப்பு தரும் கடமை. மூடுபனியில் செல்லும் கப்பலுக்கு அன்று ஒப்படைப்பு விழா என்பது தெரியாது. சமிக்ஞை நிற்காமல் வர வேண்டும்.

இந்தியாவில்

லட்சத்தீவுகளில் உள்ள மினிக்காய், செங்கடலிலிருந்து கொழும்பு நோக்கி வரும் கப்பல் பாதையில் உள்ளது. அங்குள்ள கலங்கரை விளக்கம் 1885இல் கட்டப்பட்டது. பன்னாட்டுக் கப்பல்களுக்குப் பயன்பட்டதால் பிரிட்டிஷ் அரசே அதை நேரடியாக நிர்வகித்தது. 1947இல் நாடு விடுதலை அடைந்த பின்னும் 9 ஆண்டுகள் அந்த விளக்கு பிரிட்டனின் பொறுப்பிலேயே எரிந்தது.

வானொலி வழிகாட்டலில் இந்தியா தானே நிலையங்களை அமைத்தது. கலங்கரை விளக்கங்கள், விளக்குக் கப்பல்கள் தலைமை இயக்ககத்தின்கீழ் இரண்டு லோரான்-சி சங்கிலிகள் இயங்கின. பம்பாய் சங்கிலிக்குத் திராங்கத்ரா, வேராவல், பிலிமோரா ஆகிய இடங்களிலும், கல்கத்தா சங்கிலிக்குப் பாலசோர், டயமண்ட் ஹார்பர், பட்பூர் ஆகிய இடங்களிலும் நிலையங்கள் இருந்தன.

இன்று தமிழ்நாட்டு மீனவர் நம்பியிருப்பது ஜி.பி.எஸ். கருவியை. 1974, 1976 உடன்பாடுகளின்படி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே வகுக்கப்பட்ட கடல் எல்லை, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. ராமேசுவரம் படகு அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் கருவியில் தெரியும் எண்களே சொல்கின்றன. அந்தச் சமிக்ஞையை அனுப்பும் செயற்கைக்கோள்கள் அமெரிக்க அரசுக்குச் சொந்தமானவை. அவற்றின் எந்தப் பகுதியும் நம் மண்ணில் நிற்கும் கோபுரம் போல ஒருநாள் நம்மிடம் ஒப்படைக்கப்படப் போவதில்லை. சொந்தமாக வேண்டுமென்றால் சொந்தமாகவே உருவாக்க வேண்டும். 2013 முதல் இஸ்ரோ செலுத்திய நாவிக் வழிகாட்டு செயற்கைக்கோள்களின் தேவை இதிலிருந்து எழுந்தது.

பிற்கால நிலை

அமெரிக்கா தன் சொந்த நாட்டிலும் 2010 பிப்ரவரி 8 அன்று லோரான்-சி சேவையின் பெரும்பகுதியை நிறுத்தியது. ஜப்பானும் நார்வே, பிரான்ஸ் முதலிய ஐரோப்பிய நாடுகளும் 2015இல் மூடின. தென் கொரியா வேறு வழியில் சென்றது. அமெரிக்க விமானப்படை அமைத்த போஹாங், குவாங்ஜு நிலையங்களை அது ஏற்று நடத்திவந்தது. 2010க்குப் பின் வட கொரியா பலமுறை ஜி.பி.எஸ். சமிக்ஞையைக் குலைத்தபோது, கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் பாதிக்கப்பட்டன. வானிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையைக் குலைப்பது எளிது. தரையிலிருந்து பெரும் ஆற்றலோடு வரும் லோரான் சமிக்ஞையைக் குலைப்பது கடினம். ஆகவே மற்றவர்கள் கைவிட்ட அந்தப் பழைய முறையை மேம்படுத்தி, இ-லோரான் என்ற பெயரில் மாற்று ஏற்பாடாக வளர்க்கத் தென் கொரியா முனைந்தது.