தலைவலி மாத்திரையும் படர்தாமரை மாத்திரையும்

பொதுத்தேர்வு நெருங்கினால் தலைவலிக் கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறை ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: “எனக்கு டாக்டர் எப்போதோ எழுதிக் கொடுத்த மைக்ரேன் மாத்திரை வீட்டில் இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகளுக்குப் பாதி கொடுக்கலாமா?” கூடாது. காரணத்தை விளக்கி முடிப்பதற்குள் தேர்வே வந்துவிடும் என்பதால் பதிலை முதலில் சொல்லிவிட்டேன்.

மைக்ரேன் என்றால் என்ன, வெளிச்சம் ஏன் கண்ணைக் கூசுகிறது, வாந்தி ஏன் வருகிறது என்பதெல்லாம் அது உள்ளவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நேராக மாத்திரை அட்டைக்கே போவோம்.

நம் ஊர் மருந்துக் கடைகளில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டு மாத்திரையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். எர்கோடமின் 1 மி.கி., காஃபின் 100 மி.கி., பாரசிட்டமால் 250 மி.கி., புரோகுளோர்பெரசின் 2.5 மி.கி. ஒரு மாத்திரைக்குள் நான்கு மருந்து. அதன் கீழே, பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கை. ‘ஷெட்யூல் எச்’ என்பார்கள். சட்டப்படி அது மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல். நடைமுறையில், சீட்டு கேட்கலாமா வேண்டாமா என்பதைக் கடைக்காரரின் மனசுக்கு விட்டுவிட்ட பட்டியல். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற இடத்தில் ‘மருத்துவர் சொல்கிறபடி’ என்று ஒரே வரி. மருத்துவர் சொன்னது இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால், அட்டை அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

இந்த நான்கில் நம்மைக் கவலைப்பட வைப்பது எர்கோடமின். ரை என்ற தானியத்தின் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சையிலிருந்து 1918-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஆர்தர் ஸ்டோல் பிரித்தெடுத்தது. நம் கம்புக் கதிரில் தேனொழுகல் நோயை உண்டாக்கும் பூஞ்சைக்கு நெருங்கிய உறவு அது. இடைக்கால ஐரோப்பாவில் எர்காட் கலந்த மாவில் ரொட்டி சுட்டுத் தின்றவர்களுக்குக் கை கால் எரிந்து, கறுத்து, அழுகி விழுந்தது. ரத்தக் குழாய்களை இறுக்கும் அதே குணத்தைச் சிறிய அளவில் அடக்கித்தான் தலைவலிக்கு மருந்தாக்கினார்கள். கெட்டிக்கார வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் ‘சிறிய அளவு’ எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் சிக்கல். விழுங்கிய எர்கோடமினில் 100-க்கு 5 பங்குகூட ரத்தத்துக்கு வந்து சேர்வதில்லை. குடல் சுவரிலும் கல்லீரலிலும் இருக்கும் சிப் 3ஏ4 என்ற நொதி மிச்சத்தை வழியிலேயே சிதைத்துவிடுகிறது. கொஞ்சநஞ்சமாவது உள்ளே ஏறட்டும் என்றுதான் கூடவே காஃபினைச் சேர்க்கிறார்கள். வழியில் பெரும்பகுதி கொள்ளை போகும் என்று தெரிந்தே கூடுதலாகக் கொடுத்தனுப்பும் பணம் மாதிரி, 1 மி.கி. என்ற கணக்கே அந்த இழப்பை நம்பிப் போட்டது. கொள்ளைக்காரன் ஒரு நாள் லீவு போட்டால்?

அவனுக்கு லீவு கொடுக்கும் மருந்துகள் ஒன்றும் அபூர்வமானவை அல்ல. தொண்டைப் புண்ணுக்கும் நெஞ்சுச் சளிக்கும் எழுதப்படும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின். எச்.ஐ.வி. சிகிச்சையில் வரும் ரிட்டோனவிர். எல்லாவற்றுக்கும் மேலாக, படர்தாமரைக்கு இன்று தெருவுக்குத் தெரு எழுதிக் கொடுக்கப்படும் இட்ராகோனசோல். இவை அந்த நொதியை முடக்கிவிடும். வழக்கமாகச் சாப்பிடும் அதே ஒரு மாத்திரை, பல மாத்திரைகளின் பலத்தோடு ரத்தத்தில் இறங்கும். விரல்கள் சில்லிட்டு, மரத்து, நீலம் பாய்ந்து, மணிக்கட்டில் நாடி கிடைக்காமல் போகலாம். முற்றினால் விரலையோ காலையோ எடுக்க வேண்டிவரும். அமெரிக்காவில் எர்கோடமின் லேபிளின் தலையிலேயே கறுப்புக் கட்டம் போட்டு இந்த எச்சரிக்கையை அச்சடிக்கிறார்கள். நம் அட்டையில் அதற்கு இடமில்லை.

ஆண்டிபயாடிக் என்றால் சில நாளில் முடிந்துவிடும். படர்தாமரை வைத்தியம் வாரக்கணக்கில் இழுக்கும். இட்ராகோனசோலை நிறுத்திய பிறகும் அதன் பிடி சட்டென்று விடாது. இரண்டு வாரம் கழியும்வரை எர்கோடமின் பக்கமே போகக் கூடாது. அத்தனை வாரத்துக்குள் மைக்ரேன்காரருக்கு ஒரு தலைவலிகூட வராமல் இருக்குமா?

இதில் யார் மேல் குற்றம் சொல்வது? மைக்ரேனுக்கு எழுதியவர் நரம்பியல் மருத்துவர், படர்தாமரைக்கு எழுதியவர் தோல் மருத்துவர். ஒருவர் சீட்டை மற்றவர் பார்த்ததில்லை. “வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாம்மா?” என்று கேட்டால் பிரஷர் மாத்திரையைச் சொல்வோம், சுகர் மாத்திரையைச் சொல்வோம். கைப்பையில் கிடக்கும் தலைவலி மாத்திரை நம் கணக்கில் மருந்தே இல்லை.

‘அதற்குத்தான் கியூஆர் குறியீடு வந்துவிட்டதே’ என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 மருந்துகளின் உறையில் அது கட்டாயம், உண்மைதான். ஆனால் அதில் இருக்க வேண்டும் என்று விதி கேட்பது மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி தேதி போன்றவை. அசலா போலியா என்று பார்க்க அது உதவும். எந்த மருந்தோடு சேராது என்று சொல்ல அதை யாரும் கேட்கவில்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

அசித்ரோமைசின் சாப்பிடலாமா? அது இந்த நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை. இருந்தாலும் தலைவலி மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னுடையது சுமாட்ரிப்டான், எனக்கும் இதே ஆபத்தா? அது வேறு நொதியால் சிதைகிறது, இந்தக் குறிப்பிட்ட பயம் வேண்டாம். ஆனால் இதயநோய், பக்கவாதம் வந்தவர்களுக்கு அதுவும் ஆகாது.

சுமாட்ரிப்டான் கேட்கவில்லை, எர்கோடமின் போடலாமா? ஒரே நாளில் இரண்டும் கூடாது, இடையே 24 மணி நேரம் போக வேண்டும்.

கர்ப்பிணிகள்? எர்கோடமின் கருப்பையைச் சுருக்கும். கூடவே கூடாது, பாலூட்டும்போதும் கூடாது.

மாதம் எத்தனை முறை? 10 நாளைத் தொட்டு, அதுவே மாதக்கணக்கில் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அப்போது தேவை தடுப்பு மருந்து, இன்னொரு அட்டை அல்ல.

மாத்திரை போட்டதும் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, கண் மேலே செருகியது? புரோகுளோர்பெரசின் செய்யும் வேலை, இளம் வயதினருக்கு அதிகம் வரும். உடனே மருத்துவமனைக்குப் போனால் ஊசியில் சரியாகும்.

மகளுக்கு ஏன் பாதி கூடக் கூடாது என்பதற்கு இப்போது காரணம் தெரிந்திருக்கும். அவளுக்கு வருவது மைக்ரேன்தானா என்பதையே இன்னும் யாரும் பார்த்துச் சொல்லவில்லை.

அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, அந்த அட்டையைக் கையில் எடுத்துப் போய் மேஜைமேல் வையுங்கள். ஏற்கெனவே தலைவலி மாத்திரையையும் படர்தாமரை மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டு, விரல் மரத்துச் சில்லிட்டிருந்தால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.