முதியோர் கல்வியும் முதற்சொல்லும்

எழுத்தறியாத முதியவர் ஒருவர்க்கு முதன்முதலாகக் கற்பிக்கத்தக்க சொல் யாது? அரிச்சுவடி வழியே வந்த நமக்கு இவ்வினா புதுமையாகத் தோன்றலாம். சிறார்க்கு வகுத்த வரிசையையே முதியோர்க்கும் கற்பித்தல் நெடுநாள் வழக்கமாக இருந்து வந்தது. ஆயின், முதியவர் மொழி அறியாதவர் அல்லர்; எழுத்து ஒன்றே அறியாதவர். உழவும் கொடுக்கல் வாங்கலும் வழக்கும் வசையும் ஒப்பாரியும் அவர் நாவில் நிறைந்த சொல்வளத்தோடு வாழ்கின்றன. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு 1960களின் தொடக்கத்தில் பிரேசில் நாட்டில் ஒரு கல்விமுறை எழுந்தது. அதன் இயல்பினை ஈண்டு விளக்கி, தமிழெழுத்தின் அமைப்போடு அஃது எவ்வளவு பொருந்தும் என்பதையும் காண்பாம்.

அம்முறையை வகுத்தவர் பாவுலோ பிரெயிரே. அவர் 1921இல் அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள ரெசிபே நகரில் பிறந்தவர். அந்நாட்டில் எழுத்தறிவின்மை கல்விக்குறை என்ற அளவில் நிற்கவில்லை. 1881ஆம் ஆண்டுச் சட்டமும் 1891ஆம் ஆண்டு அரசியலமைப்பும் எழுத்தறியாதார்க்கு வாக்குரிமை இல்லையென வைத்தன. அத்தடை 1985இல்தான் நீங்கியது. கரும்புத் தோட்டத்துக் கூலியாளும் மாட்டுப் பண்ணைத் தொழிலாளியும் தம்மை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்க இயலாதவராயினர். நம் நாட்டிலோ 1951–52இல் நிகழ்ந்த முதற்பொதுத் தேர்தலிலேயே எழுத்தறியாதாரும் சின்னம் பார்த்து வாக்களித்தனர். இவ்வேற்றுமையை உளத்திற் கொள்ளாக்கால் பிரெயிரேயின் வகுப்புகள் அங்கே எழுப்பிய நம்பிக்கையும் அச்சமும் விளங்கா.

1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரியோ கிராந்தே தோ நோர்த்தே மாநிலத்தில் அஞ்சிக்கோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்க்கு 40 மணிநேர வகுப்பு நடந்தது. கற்பித்தோர் பல்கலைக்கழக மாணவர். வகுப்பிற்குப் 'பண்பாட்டு வட்டம்' என்று பெயர். செலவின் பெரும்பகுதி அமெரிக்க உதவித் திட்டத்தின்வழி வந்தது என்பது பின்னிகழ்ந்தவற்றை நோக்கின் நகைப்பிற்கிடமானது. ஏப்ரல் 2ஆம் நாள் நடந்த நிறைவு வகுப்பிற்குக் குடியரசுத் தலைவர் ஜோவாவ் கூலார்ட் நேரில் வந்தார்.

இனி, முறையைக் காண்பாம். வகுப்பு தொடங்குமுன் கற்பிப்போர் அவ்வூர் மக்களோடு பழகி, அவர்தம் பேச்சில் வழங்கும் சொற்களைத் தொகுப்பர். தொகுத்தவற்றுள் ஏறத்தாழப் 17 சொற்களைத் தேர்வர். தேர்விற்கு மூன்று அளவைகள் உண்டு: சொல்லில் ஒலிவளம் இருத்தல் வேண்டும், எளிய ஒலியிலிருந்து அரிய ஒலிக்குச் செல்லும் ஒழுங்கு வேண்டும், கற்போர் வாழ்வோடு ஒட்டிப் பேச்சைத் தூண்டும் ஆற்றல் வேண்டும். இச்சொற்கள் 'ஆக்கச் சொற்கள்' எனப்பட்டன. ஊர்தோறும் இவை வேறுபட்டன. கால்நடை வளர்ப்பு மிக்க அஞ்சிக்கோஸில் முதற்சொல் 'பெலோத்தா' என்பது. சாட்டையிற் கட்டும் தோற்குஞ்சத்தின் பெயர் அது. நகரில் வாழும் ஒருவர் இச்சொல்லைப் பாடநூலின் முதற்பக்கத்தில் வைக்கத் துணியார்!

சொல்லுக்கு முன்னே படங்கள் உண்டு. வில்லேந்திய வேடன், துப்பாக்கி ஏந்திய வேடன், எலி பிடிக்கும் பூனை ஆகிய மூன்றும் அவற்றுட் சில. இம்மூவருள் வேடர் யாவர் என்று வினவின், பூனை கருவி செய்வதில்லை, ஆதலின் அது வேடன் அன்று என்னும் முடிபிற்குக் கற்போரே வருவர். உயிர்களை அறிவு வகையாற் பகுத்து மக்களை ஆறறிவுயிர் என வேறு வைத்த தொல்காப்பிய மரபியல் இவ்விடத்து நினைவிற்கு வரும். ஆயின், தொல்காப்பியர் வகைமையை நாம் ஆசிரியர் வாய்க் கேட்டறிகின்றோம். அங்கே எழுத்தறியாதார் தம் வாயாலேயே அவ்வேறுபாட்டை நிறுவினர். தாம் செய்த குடமும் கட்டிய பாட்டும் பண்பாடே என உணர்ந்த பின்னரே எழுத்து அவர்க்குக் காட்டப்பட்டது.

கட்டடத் தொழிலாளர்க்குக் காட்டிய சொற்களுள் ஒன்று 'திஜோலோ'. செங்கல் என்பது பொருள். முதலிற் படமும் சொல்லும், பின்னர்த் தி–ஜோ–லோ என்னும் அசைப்பிரிப்பு, அதன்பின் ஒவ்வோர் அசையின் குடும்பம்: த, தெ, தி, தொ, து, ஜ, ஜெ, ஜி, ஜொ, ஜு, ல, லெ, லி, லொ, லு. இம்மூன்று வரிகளையும் ஓர் அட்டையில் எழுதிக் காட்டிய அளவில், கற்போர் அசைகளைத் தாமே கூட்டிப் புதுச்சொல் அமைத்தனர். 'தத்து' என்பது ஒருவகை விலங்கு. 'லோஜா' என்பது கடை. 'லுத்தா' என்பது போராட்டம். ஒருவர் 'நீ இப்போதே படிக்கின்றாய்' என்று பொருள்படும் தொடரையே கூட்டிவிட்டதாகப் பிரெயிரே எழுதியுள்ளார்.

இம்முறையை நாடு முழுதும் பரப்பும் ஆணை 1964 சனவரியில் பிறந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் படைத்துறையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். அத்திங்களிலேயே ஆணை நீக்கப்பட்டது. பிரெயிரே ஏறத்தாழ 70 நாள் சிறையிலிருந்து, பின் நாடு நீங்கினார்; 1980இல்தான் மீண்டார். அரிச்சுவடி கற்பித்தமைக்கா சிறை என்று வினவலாம். புதிய வாக்காளரை ஆக்கியமைக்கு என்பதே நேரிய விடை.

பிரெயிரேயின் கருத்துகள் பின்னாளில் தமிழகத்தையும் எட்டின. 1990களில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தார் அவற்றை அறிந்திருந்தனர். புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். அவ்வியக்கத்தின் வரலாறு தனியே எழுதத்தக்கது. ஈண்டு நம் வினா எழுத்தைப் பற்றியது.

மேலே கண்ட அசைக்குடும்ப அட்டை நம் உயிர்மெய் வரிசையே அன்றோ என்று தோன்றும். தோற்றம் அதுவே, இயல்பு வேறு. 'செங்கல்' என்னும் நம் சொல்லையே எடுத்துக்கொள்வோம். செவிக்கு அது செங்–கல் என இரண்டசை, அலகிட்டால் தேமா. கண்ணுக்கோ செ, ங், க, ல் என நான்கெழுத்து. போர்ச்சுக்கீசிய மொழியில் திஜோலோவின் ஒவ்வோர் அசையும் உயிரில் முடிதலின் செவியின் பகுப்பும் கண்ணின் பகுப்பும் ஒன்றாயின. தமிழிலோ புள்ளியெழுத்து இடையிற் புகுந்து இரண்டையும் பிரிக்கின்றது. எனவே முதற்சொல் புள்ளி பெறாததாதல் நலம்.

'கூலி' அத்தகைய சொல். பேச்சிலும் எழுத்திலும் ஒரே வடிவினது. 'நிலம்' பேச்சில் ஈற்றொலி மூக்கிற் கரைதலின் அத்தகுதி பெறாது. 'மழை'யும் அன்ன; ழகரம் பல ஊர்களில் வேறாக ஒலிக்கின்றது. கூலியின் இரு குடும்பங்களிலிருந்து கலை, காலை, காலி, கிலி, குலை, கொலை, கொலு, கோலி என்பன எளிதிற் பிறக்கும். எனினும் லகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது. ஆதலின் லகரக் குடும்பம் இரண்டாமிடத்தில் மட்டும் நின்று, பிறக்கத்தக்க சொற்களிற் பாதியை இழக்கின்றது. மொழிமுதல் எழுத்துப் பற்றிய இலக்கண விதி முதியோர் கல்விப் பாடநூலில் வந்து நிற்பதை நாம் எதிர்பார்த்ததில்லை.

இரண்டெழுத்தும் மொழிமுதல் ஆகத்தக்க சொல் வேண்டுமெனின் 'பசி' உண்டு. பசு, பசை, பாசி, பூசு, பூசை, பேசு, சபை, இவற்றோடு ஓரெழுத்து ஒருமொழிகளாகிய பூவும் பையும் முதல் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. இடர்களும் உள. 'பேசு' என்பதில் ஏகாரத்தின் குறி மெய்க்கு முன்னே நிற்றலின், காது கேட்கும் முறையும் கண் காணும் முறையும் மாறுகின்றன. பகரமும் 'பசி'யில் ஒருவகையாகவும் 'சபை'யில் ஒருவகையாகவும் ஒலிக்கின்றது. உகரக் குறியோ பு, சு, கு, மு என எழுத்துக்கெழுத்து வடிவு மாறும். ஆகவே 40 மணிநேரம் என்னும் கணக்கைத் தமிழுக்கு அப்படியே சொல்லுதல் பொருந்தாது என்பது எம் கருத்து.

பிரெயிரேயின் முறையில் எமக்கு ஒரு தடையும் உண்டு. சொற்களை மக்கள் தருகின்றனர், தேர்வோரோ கற்பிப்போர். பசியைப் பற்றிப் பேசுங்கள் என்று வட்டத்தை நடத்துவோர் தொடங்கும்போது, பேச்சு எங்கே முடிதல் வேண்டும் என்பதை அவர் முன்னரே அறிந்திருத்தல் கூடும். எம் ஊர்ப் பெண்டிர் பூவிலும் கொலுவிலும் தொடங்க விரும்பினால், அவ்விருப்பத்திற்கு இடம் தரவேண்டும்.

அவ்விருப்பத்தை அறிய முதலில் வேண்டுவது சொற்றொகுப்பு. கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டி 1982இல் அகராதி தந்த கி. ராஜநாராயணன் பல்கலைக்கழகப் படிப்பின்வழி அப்பணிக்கு வந்தவர் அல்லர், உழவர். தோல் பதனிடுவோர், உப்பளத் தொழிலாளர், சூளைத் தொழிலாளர் ஆகியோர்தம் சொற்களையும், அவற்றுட் புள்ளி பெறாதன எவை, பேச்சும் எழுத்தும் ஒத்தன எவை என்பதனையும் தொகுத்து வகைப்படுத்தும் பணிக்கு முதுகலை மாணவர் ஒருவர்க்கு ஓராண்டு போதும்.