போகவிடும் காற்று, திரும்பவிடாது

ஆண்டிறுதி விடுமுறையில், மாக் மண்டின் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நண்பர்களோடு பாய்மரப் படகேற ஆசை பிறக்கும். போகலாம், ஆனால் முதலில் காற்றை அறிவோம்.

நம் நாட்டில் குளிர்காலம் இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. முற்காலத்தில் கடாரத்துக்கு வந்த தமிழ் வணிகரின் கப்பல்கள், இந்தக் காற்றை நம்பியே ஊர் திரும்பின.

பட்டர்வொர்த் கரை பினாங்கு நீரிணைக்குக் கிழக்கே இருக்கிறது. ஆகவே இக்காற்று, குறிப்பாகக் காலை வேளையில், நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். மரங்களும் கட்டடங்களும் மறைப்பதால் கரையோர நீர் அமைதியாகத் தெரியும். படகும் எளிதாகப் போகும். திரும்பும்போதுதான் துன்பம்! எந்தப் பாய்மரப் படகும் காற்றை நேருக்கு நேர் எதிர்த்து ஓடாது. இடமும் வலமுமாக மாறி மாறி வளைந்தே வரவேண்டும். நேரமும் உடல் வலுவும் கரைந்துவிடும்.

ஆகவே நாங்கள் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: படகோட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் உடன் வரட்டும். எல்லாரும் மிதவைச் சட்டை அணியுங்கள். திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லுங்கள். கரையை விட்டுச் சிறிது தூரம் போனதும், ஒருமுறை திரும்பி வந்து பாருங்கள். வர முடிந்தால் மட்டுமே மேலே போங்கள்.