சாலை மோட்டாரை ‘அட்வெஞ்சர்’ மோட்டாராக மாற்றலாமா? பெட்டிக்கு முன்னால் டயரைப் பாருங்கள்

வேலைக்குப் போக, சாப்பாடு வாங்க, வார இறுதியில் நண்பர்களோடு கோல குபு பாரு வரை ஒரு சுற்று போய் வர. எல்லாத்துக்கும் உங்களிடம் இருப்பது ஒரே மோட்டார். ஒருநாள் டிக்டாக்கில் யாரோ மூன்று அலுமினியப் பெட்டி, கிராஷ் பார், முன்னால் இரண்டு மஞ்சள் விளக்கு எல்லாம் மாட்டிக்கொண்டு செம்மண் சாலையில் புழுதி பறக்கப் போவதைப் பார்க்கிறீர்கள். “நம்ம மோட்டாரையும் இப்படிச் செஞ்சா என்ன?” என்று தோன்றுகிறது.

தாராளமாகச் செய்யலாம். பி2 உரிமத்தில் 250 சிசி வரைதான் ஓட்ட முடியும். பெரிய அட்வெஞ்சர் மோட்டார்களின் விலையும் நம்மில் பலருக்கு எட்டாது. கையில் இருக்கும் 150 அல்லது 200 சிசி மோட்டாரை மாற்றுவது நியாயமான யோசனைதான். ஆனால் பெரும்பாலானோர் பெட்டியிலும் விளக்கிலும் ஆரம்பித்து, பணம் தீர்ந்த பிறகுதான் டயருக்கு வருகிறார்கள்.

நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். மூன்று பெட்டி மாட்டி, மழை விட்ட ஒரு சனிக்கிழமை காலை செம்பனைத் தோட்டப் பாதையில் இறங்கினேன். முதல் வளைவிலேயே முன் சக்கரம் வழுக்கிவிட்டது. வேகம் 20 கிலோமீட்டர்கூட இருக்காது. பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் கால் மாட்டி, ஒரு விரல் முறிந்தது. புதிதாக வாங்கிய அத்தனை பொருளும் பளபளவென்று இருந்தன. டயர் மட்டும் கடையிலிருந்து வந்த அதே சாலை டயர்!

இது ஒன்றும் புதுசு இல்லை

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் போய்சி என்ற ஊர். 1960 வாக்கில் அங்கே ஹெர்ப் ஊல் என்ற ஹோண்டா விற்பனையாளர், 50 சிசி ஹோண்டா கப் மோட்டாரை மலைப்பாதைக்கு ஏற்றபடி மாற்றி விற்க ஆரம்பித்தார். அவர் செய்த முக்கிய மாற்றங்கள் இரண்டுதான்: பின்னால் பெரிய ஸ்ப்ராக்கெட், முரட்டுக் கட்டை டயர். சின்ன ஊரில் இவ்வளவு விற்பனையா என்று ஹோண்டா நிறுவனம் திரும்பிப் பார்த்தது. 1961-இல் ‘டிரெயில் 50’ என்ற பெயரில் தானே அப்படி ஒரு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2020-இல் வெளிவந்த சிடி125 அந்தக் குடும்பத்தின் இன்றைய வாரிசு.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தோட்டத்தில் வளர்ந்த தாத்தா யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பால் வாளியைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே சேற்றில் போனது சாதாரண கப்சாய்தான். ‘அட்வெஞ்சர்’ என்ற வார்த்தை அப்போது யாருக்கும் தேவைப்படவில்லை.

முதல் செலவு: டயர்

சாலை டயரின் மேற்பரப்பில் ரப்பர் நிறைய, பள்ளம் குறைவு. தார்ச்சாலைக்கு அதுதான் நல்லது. சேற்றிலோ அந்தப் பள்ளங்கள் உடனே அடைத்துக்கொள்ளும். டயர் வழவழவென்று ஆகிவிடும். கட்டை டயரில் இடைவெளி அகலம் என்பதால் சேறு வெளியே தெறித்துவிடும், கட்டைகள் மண்ணைக் கவ்வும்.

அதற்காக இருப்பதிலேயே முரடான டயரை வாங்கிவிடாதீர்கள். கட்டை பெரிதாக ஆக, தார்ச்சாலையைத் தொடும் ரப்பர் குறைகிறது. மழையில் பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கும் தூரம் கூடும். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போன அதே மோட்டார்தான் திங்கட்கிழமை காலை மழையில் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் பாதையில் போகப் போகிறது. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டாரில் சென்றவர்கள். ஆகவே உங்கள் பயணத்தில் மண் சாலை எவ்வளவு என்று நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். பத்தில் ஒன்றுதான் என்றால், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான, ஆழமில்லாத கட்டை டயரே போதும். 17 அங்குல ரிம்முக்கும் அப்படிப்பட்ட டயர்கள் கிடைக்கின்றன.

“முன்னால் 19 அங்குலச் சக்கரம் போடலாமா?” என்று கேட்பீர்கள். பெரிய சக்கரம் குழியில் விழாமல் ஏறிப் போகும், உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். பல்சர் என்எஸ்200-இல் வரும் 100/80-17 டயரின் விட்டம் சுமார் 592 மில்லிமீட்டர். 110/80-19 டயரின் விட்டம் சுமார் 659. அந்த 67 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மட்கார்டு இடிக்கலாம், ஹேண்டல் திரும்பும் தன்மை மாறும். ஏபிஎஸ் இருந்தால் இன்னொரு சிக்கல்: அது முன், பின் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது. ஒரு சக்கரத்தின் அளவை மட்டும் மாற்றினால் அந்தக் கணக்கு குழம்பும். முதன்முதலில் மாற்றிப் பார்ப்பவருக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து.

உயரம் கூட்டினால் அப்சோபர் நல்லதாகிவிடுமா?

பட்டறையில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். “ஃபோர்க்கில் ஸ்பேசர் போட்டா மோட்டார் உயர்ந்துடும் பாஸ்” என்பார்கள். உயரும். ஆனால் ஸ்பேசர் செய்வது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைப்பது மட்டும்தான். சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. அளவுக்கு மீறிப் போட்டால் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி, குழியில் இறங்கும்போது அடி நேராக உங்கள் மணிக்கட்டுக்கு வரும்.

பின்னால் மட்டும் நீளமான அப்சோபர் போட்டாலும் தொல்லைதான். மோட்டார் மூக்கைக் குனிந்துகொள்ளும். ஹேண்டல் சட்டென்று திரும்பும், நெடுஞ்சாலை வேகத்தில் ஆட்டம் காணும். சங்கிலியின் தளர்வு மாறும். பக்க ஸ்டாண்டு குட்டையாகி, நிறுத்திவைத்த மோட்டார் ஒரு பக்கமாக அதிகம் சாயும். உயர்த்துவதாக இருந்தால் முன்னும் பின்னும் சேர்த்து, கொஞ்சமாக உயர்த்துங்கள்.

அதற்கு முன் காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே வால் பகுதியில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு சக்கரத்தைக் கீழே வைத்து, பயணப் பையோடு நீங்கள் உட்கார, நண்பரை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சக்கரம் போய்வரும் மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 120 மில்லிமீட்டர் என்றால் 40. அதைவிட அதிகம் அமுங்கினால் அப்சோபரின் பிரிலோடை இறுக்குங்கள். முழுதும் இறுக்கியும் சரியாகாவிட்டால் உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் பத்தாது. அப்போது பணத்தை ஸ்பிரிங்கில் போடுங்கள்.

ஒரு பல், பெரிய வித்தியாசம்

மண் சாலையில் மெதுவாகப் போகும்போது முதல் கியரே வேகமாக இருக்கிறதா? முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைத்துப் பாருங்கள். 14 பல், பின்னால் 42 என்றால் விகிதம் 3.0. 13 ஆக்கினால் 3.23. கிட்டத்தட்ட 8 விழுக்காடு கூடுதல் இழுவை. செலவும் குறைவு, பிடிக்காவிட்டால் அரை மணி நேரத்தில் பழையபடி மாற்றிவிடலாம். நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு என்ஜின் அதே 8 விழுக்காடு வேகமாகச் சுற்றும், பெட்ரோலும் கொஞ்சம் கூடும். சில மோட்டார்களில் வேகமானி கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கும். அவற்றில் 100-இல் போனால் 108 என்று காட்டும்.

என்ஜினுக்கு அடியில் அலுமினியத் தகடு, கைக்காப்பு இரண்டும் வாங்கலாம், வீண்போகாது. ஹேண்டலை உயர்த்தினால் ஒரு சோதனை: மோட்டாரை ஸ்டார்ட் செய்து, கியர் போடாமல், ஹேண்டலை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். என்ஜின் சத்தம் தானாக ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டாதீர்கள். பிரேக் ஹோஸையும் அதேபோல் பாருங்கள்.

பெட்டிகள் கடைசியில். மூன்று உலோகப் பெட்டிகள் அவற்றின் தாங்கிகளோடு காலியாகவே 15 கிலோவைத் தொட்டுவிடும். அந்த எடை பின் அச்சுக்கும் பின்னால் உட்காருவதால் முன் சக்கரத்தின் பிடி குறைகிறது. எனக்கு அந்த வளைவில் நடந்ததில் இதற்கும் பங்கு உண்டு. இப்போது துணிப்பைதான் கட்டுகிறேன். விழுந்தாலும் காலை நசுக்காது.

ஜேபிஜே என்ன சொல்லும்?

மோட்டாரின் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1959-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகள் இருக்கின்றன. டயர், கைக்காப்பு போன்றவை ஒரு பக்கம். என்ஜின், சேசிஸ், நிறம் என்று கெரானில் பதிவாகியிருக்கும் எதை மாற்றினாலும் விஷயம் வேறு. சாலைப் போக்குவரத்துத் துறையிடம் போயே ஆக வேண்டும். பாலைவன மஞ்சள் பெயின்ட் அடிக்க ஆசைப்படுபவர்கள் இதைக் கவனிக்கணும். சேசிஸை வெட்டி வெல்டிங் செய்யும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுடுங்க. கூடுதல் விளக்கு, எக்ஸோஸ் இரண்டுக்கும் பணம் கட்டும் முன் ஜேபிஜே கிளையில் கேட்டுவிடுவது நல்லது. “எல்லாரும் போடுறாங்க” என்று கடைக்காரர் சொல்வது சாலைத் தடுப்பில் செல்லாது.

காப்புறுதியை மறந்துவிடுகிறோம். மாற்றங்களைச் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். என்னென்ன மாற்றினீர்கள் என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள்.

எங்கே ஓட்டுவது என்பதும் இருக்கிறது. தோட்டப் பாதைகள் தனியார் நிலம். ஹுத்தான் சிம்பான் எனப்படும் பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் போக மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். வெட்டுமர லோரி ஓடும் பாதை என்றால், வளைவில் லோரி உங்கள் பக்கத்திலேயே வரும் என்று எதிர்பார்த்துப் போங்கள்.

மாற்றங்கள் முடிந்ததும் நேராகக் காட்டுக்குப் போக வேண்டாம். முதல் வாரம் முழுச் சுமையோடு வழக்கமான பாதையில் ஓட்டுங்கள். காலியான ஒரு வாகன நிறுத்துமிடத்தில், ஈரத்தில், மெதுவான வேகத்தில் பிரேக் பிடித்துப் பழகுங்கள். 100 கிலோமீட்டர் ஆனதும் ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். என்னுடையதில் மூன்று தளர்ந்திருந்தன.