புறாத் தோலும் பாரசீகச் சுவடியும்: வால்டர் எலியட் – டார்வின் கடிதத் தொடர்பு

தென்னிந்திய நாணயவியலாளராகவும் அமராவதிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொணர்ந்தவராகவும் தமிழாய்வுலகம் அறிந்த வால்டர் எலியட் (1803–1887), சார்லசு டார்வினின் கடித நண்பருமாவார். இவ்விரு முகங்களையும் தனித்தனியே நோக்குவது பொருந்தாது.

1855இல் கிளாசுகோவில் நடைபெற்ற பிரித்தானிய அறிவியல் கழகக் கூட்டத்தில் இருவரும் சந்தித்தனர். சென்னை ஆளுநரவை உறுப்பினராயிருந்த எலியட்டிற்கு 1856 சனவரியில் டார்வின் எழுதி, இந்திய வளர்ப்புப் புறா, கோழி ஆகியவற்றின் தோல்களை வேண்டினார். எலியட் அனுப்பிய புறாத் தோல்களுக்கான நன்றி, 1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் பதிவாகியுள்ளது. அவற்றை வளர்த்தோர், உரித்துப் பதப்படுத்தியோர் பெயர்கள் அங்கு இல்லை.

தோல் ஓர் இனத்தின் வடிவைக் காட்டும். அதன் பழமையைக் காட்டாது. பழமைக்கு நூற்சான்று வேண்டும். 1770இல் மறைந்த முகமது முசாரி என்பார் பாரசீகத்தில் இயற்றிய புறா நூலின் மொழிபெயர்ப்பை எலியட் டார்வினுக்கு அளித்தார். வளர்ப்பு உயிர்களின் மாறுபாடு குறித்த 1868ஆம் ஆண்டு நூலில் டார்வின் அதனைச் சான்றாக ஆண்டார். தரையில் உருளும் லோட்டன் புறா 1600க்கு முன்பே இந்தியாவில் இருந்தமைக்கு ‘அயினி அக்பரி’யைக் காட்டினார். உயிரியல் வாதம் சுவடியின்மீது நின்ற இடம் இது. டார்வின் வாழ்வை எழுதுவோர் இதனைப் பெரிதாகக் கருதுவதில்லை.

எலியட்டிற்கோ இது புதுமுயற்சி அன்று. தெலுங்குத் தாவரப் பெயர்களைத் தாவரவியற் பெயர்களோடு இணைத்த அவரது ‘ஃப்ளோரா ஆந்திரிகா’ அதே 1859இல் சென்னையில் அச்சாயிற்று. பார்வையிழந்த முதுமையில், 1887 மார்ச் 1 அன்று, தாம் இறந்த நாளில் அவர் சொல்லி எழுதுவித்துக் கையொப்பமிட்ட கடிதம் ஜி.யு.போப்பிற்கானது; அது திருக்குறள் பதிப்பைப் பற்றியது.